புலான்மறுத்தலும் விலை கொடுப்போர் பொறுப்பும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா வழியாகப் பிரிஞ்சாங் நோக்கி ஏறும் சாலையின் பக்கங்களில் முட்டைக்கோசும் தக்காளியும் மிளகாயும் விளைகின்றன. அவற்றைக் கடந்தால் சரிவெல்லாம் தேயிலை. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கினார். அக்காலத்திலிருந்து இம்மலையின் தேயிலைத் தொழிலில் தமிழர் பங்கு பெரிது. இன்று கொழுந்தெடுப்போரிற் பலர் வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். ஆயினும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் தோட்டத்துக் கோயிலும் இன்னும் நிலைத்து நிற்கின்றன.

காய்கறிக்குக் குறைவில்லாத இம்மலையிலும் தமிழர் வீடுகளிற் பெரும்பாலானவை புலால் உண்ணும் வீடுகளே. புரட்டாசி பிறந்தால் மீன்சட்டி பரணுக்குப் போகும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்போர் விரதம் காப்பர். விரதம் முடிந்த மறுநாள் கோழிக்கறி மணக்கும். முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் சேவல் அறுத்துப் படையலிடும் வழக்கமும் தோட்டப்புறத்திற்குப் புதிதன்று. இத்தகைய வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில், திருக்குறளின் 26ஆம் அதிகாரமாகிய புலான்மறுத்தலை ஆசிரியர் எவ்வாறு விளக்குவது? ‘எங்கள் வீட்டில் எல்லாரும் கறி தின்கிறோம், வள்ளுவர் எங்களைக் கெட்டவர் என்கிறாரா, ஐயா?’ என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் என்ன விடை கூறுவது?

இவ்விடத்தில் ஆசிரியர் பலர் இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றிக்கொண்டு தப்பித்துக்கொள்வதுண்டு. ‘இது துறவிகளுக்குச் சொன்னது, நமக்கு அன்று’ என்பது ஒரு வழி. ‘சைவமே உயர்ந்தது, தூய்மையானது, அசைவம் தாழ்ந்தது’ என்பது மற்றொரு வழி. முன்னது அதிகாரத்தைப் பயனற்றதாக்குகிறது. பின்னது பிள்ளையைத் தலைகுனிய வைக்கிறது. இரண்டும் வள்ளுவர் கருத்துக்குப் பொருந்துமா என்று ஆராய்தல் வேண்டும்.

துறவிக்கே உரியது என்பார்க்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. புலான்மறுத்தல் துறவறவியலில் நிற்கிறது. பரிமேலழகர் அதனை விரதம் என்னும் பகுப்பில் அடக்குகிறார். இல்லறவியலில் விருந்தோம்பலைப் பேசும் வள்ளுவர், விருந்தினர் இலையில் புலால் கூடாது என்று ஓரிடத்தும் கூறவில்லை. பொருட்பாலில் மருந்து என்னும் அதிகாரம் உணவையே பேசுகிறது; அங்கும் புலாலைப் பற்றிய பேச்சில்லை. மேலும் 550ஆம் குறள், கொடியோரை அரசன் கொலைத்தண்டத்தால் ஒறுப்பதைப் பயிரின் களையை நீக்குவதோடு ஒப்பிடுகிறது. ஆகவே அவரவர் நிலைக்கேற்ப அறம் வேறுபடும் என்னும் கொள்கை வள்ளுவர்க்கு உடன்பாடே என்று இவர்கள் வாதிடலாம்.

ஆயினும் இவ்வதிகாரத்தின் அண்டை அயலை நோக்குக. அதே துறவறவியலில், அதே விரதப் பகுப்பில், அருளுடைமை, கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னாசெய்யாமை, கொல்லாமை ஆகியவை நிற்கின்றன. வாய்மை துறவிக்கே உரியது. இல்லறத்தான் பொய் கூறலாம் என்று எந்த ஆசிரியரும் வகுப்பில் சொல்வதில்லை. கள்ளாமை துறவிக்கே உரியது. மற்றவர் திருடலாம் என்றும் சொல்வதில்லை. அண்டை அதிகாரங்களை எல்லார்க்கும் பொதுவாக்கிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் துறவியின் ஓட்டில் இடுவது நேர்மையான உரையாகாது. துறவி முற்றக் கடைப்பிடிக்க வேண்டியதை இல்லறத்தான் தன் ஆற்றலுக்கு இயன்றவரை கடைப்பிடிக்கலாம் என்பதே இவ்வதிகாரங்கள் அனைத்துக்கும் பொருந்தும் உரை. அரசன் ஒறுப்பது குடிகளைக் காப்பதற்கு. நாவின் சுவைக்காக ஓருயிரைக் கொல்வதற்கு அத்தகைய காரணம் காட்டல் அரிது.

இரண்டாவது வழி இதனினும் தீது. புலால் இல்லாத உணவுக்குச் சைவம் என்று பெயர் வழங்குவதே ஒரு மயக்கத்தைத் தருகிறது. இலங்கைத் தமிழர் மரக்கறி உணவு என்பர். அது உணவின் பெயர். சைவம் என்பதோ ஒரு சமயத்தின் பெயர். அச்சமயத்தின் அடியார் வரலாறு கூறும் பெரியபுராணத்திலேயே, வேட்டையாடிய இறைச்சியைச் சுவை பார்த்து இறைவனுக்குப் படைத்த கண்ணப்பர் நாயனாராகப் போற்றப்படுகிறார். சங்க காலத்தை நோக்கினால் செய்தி இன்னும் தெளிவு. புறநானூற்றின் 14ஆம் பாட்டில், தம் கை மென்மையாய் இருப்பதற்குக் காரணம், ஊனும் சோறும் உண்டு வருந்துவதன்றி வேறு தொழில் அறியாமையே என்று கபிலர் சேரமன்னனிடம் கூறுகிறார். அவர் அந்தணர். ஆகவே புலால் உண்ணாமை பிறப்பால் வந்த உயர்வுமன்று. தமிழர் அனைவர்க்கும் பண்டுதொட்டு வந்த வழக்கமுமன்று. புலால் உண்ணும் சமுதாயத்தின் நடுவே நின்றுகொண்டு, அதனை மறுக்குமாறு ஒரு புலவர் காரணம் காட்டி வேண்டினார் என்பதே வரலாறு.

அவர் காட்டும் காரணமும் தூய்மை தீட்டுப் பற்றியதன்று. பத்துக் குறளிலும் குலத்தின் பேச்சே இல்லை. நரகத்தைக் காட்டி அச்சுறுத்துவதும் 255ஆம் குறள் ஒன்றே. தன் உடலைப் பெருக்குவதற்குப் பிறிதோர் உடலைத் தின்பவனிடம் அருள் எப்படித் தங்கும் என்று 251ஆம் குறள் கேட்கிறது. பொருளைப் பேணாதவனுக்குப் பொருளால் வரும் பயன் இல்லாததுபோல, ஊன் தின்பவனுக்கு அருளின் பயன் இல்லை என்கிறது 252. இறைச்சி என்பது வேறோர் உடம்பின் புண்ணே என்று உணர்ந்தால் உண்ண மனம் வாராது என்கிறது 257. வேள்வி ஆயிரம் செய்வதினும் ஓருயிரை உணவுக்காகக் கொல்லாதிருத்தல் நன்று என்கிறது 259. அருளே இங்கு அளவுகோல். அது எந்தக் குடிக்கும் தனியுரிமையன்று.

இனி அதிகாரத்தின் உயிர்நிலையாகிய 256ஆம் குறளுக்கு வருவோம். தின்பதற்கென்று உலகம் கொலையில் ஈடுபடாதாயின், விலைக்காக ஊனைக் கொண்டுவந்து தருவோர் ஒருவரும் இரார் என்பது அதன் கருத்து. இக்குறளில் ‘கொல்லாது’ என்றும் ‘கொள்ளாது’ என்றும் இருவகைப் பாடம் வழங்குகின்றது. ஓரெழுத்து மாற்றமே, ஆயினும் பெரியதொரு வினா அதில் அடங்கியிருக்கிறது. கொள்ளாது என்றால், உலகம் வாங்காவிட்டால் விற்பவன் இல்லை என்பது நேர்பொருள். கொல்லாது என்றால் என்ன பொருள்? விற்பவனை வேறாகப் பிரித்துப் பின்னால் சொல்லியிருப்பதால், கொல்லும் உலகம் என்பது தின்னும் உலகத்தையே குறிக்க வேண்டும். கத்தியைக் கையால் தொடாதவனையும் கொல்பவர் கணக்கில் வைத்துவிடுகிறது இப்பாடம். கடுமை மிகுந்த பாடம் இதுவே. பரிமேலழகர் கொண்டதும் இதுவே.

பரிமேலழகர் இங்கு ஓர் எதிர்வாதியையும் நிறுத்துகிறார். கொலை முன்னே நடந்துவிட்டது, தின்பது பின்னே நடக்கிறது. பின்னே நடப்பது முன்னே நடந்ததற்குக் காரணமாக முடியாது, ஆகவே தின்பவனுக்குப் பாவமில்லை என்பது அவ்வெதிர்வாதியின் கட்சி. சந்தையில் இறைச்சி வாங்குவோர் இன்றும் சொல்லும் சமாதானம் இதுவே: ‘நான் வாங்காவிட்டால் மட்டும் செத்த ஆடு எழுந்து நடக்குமா?’ உரையாசிரியர் இதனை அருத்தாபத்தி என்னும் அளவையால் மறுக்கிறார். தின்போர் இல்லையேல் விற்போர் இல்லை என்பது பெறப்படுவதால், தின்றலே கொலைக்குக் காரணம் என்பது முடிபு. இன்று வாங்கியது நேற்றைய கொலையை மாற்றாது என்பது உண்மை. ஆனால் நாளைய கொலைக்கு இன்று கொடுத்த விலையே முன்பணம்.

இந்த அளவையைத் தருக்கநூல் கற்றவரினும் தேயிலைத் தோட்டத்தார் எளிதில் உணர்வர். கோலாலம்பூரில் ஒருவர் கடைத்தட்டிலிருந்து தேயிலைப் பொட்டலம் ஒன்றை எடுக்கிறார். அது என்றோ பறித்து, வாட்டி, உருட்டி, உலர்த்திய இலை. ஆயினும் அவர் எடுத்ததால் தட்டில் ஓரிடம் காலியாகிறது. அவ்விடத்தை நிரப்ப மலையில் இன்னொரு கூடை நிறைய வேண்டும். கொழுந்தெடுப்பவரின் முகத்தை வாங்குபவர் கண்டதில்லை. எனினும் அவர் கையை அசைப்பது இவர் கொடுத்த காசே. இதன் மறுபக்கத்தையும் மலாயாத் தமிழர் அறிவர். 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பரை வாங்குவோர் குறைந்து விலை வீழ்ந்தபோது, பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். எங்கோ இருப்பவர் வாங்காமல் விட்டால் இங்கே பால்வெட்டும் கத்தி ஓய்ந்துவிடும் என்பதை நேரிற் கண்ட மரபினர்க்கு, 256ஆம் குறளை விளக்க வேறு உவமை எதற்கு?

இக்குறளைச் சரியாகப் பற்றிக்கொண்டால்தான் மற்றோர் இடர்ப்பாடும் நீங்கும். கொல்லாமை அதிகாரத்தின் 329ஆம் குறள், கொலையைத் தொழிலாகக் கொண்டோர், அதன் இழிவை அறிந்தவர்க்கு இழிதொழிலாளராகவே தோன்றுவர் என்கிறது. அங்கு ஆளப்பட்ட சொல் பிற்காலத்தில் ஒரு மக்கட்பிரிவினரை இழித்துரைக்கும் வசையாயிற்று. இதனை மறைத்துவிட்டுக் குறளின் பெருமை பேசுவதும் தகாது. அவ்வசைக்கு வள்ளுவரைச் சான்று கூட்டுவதும் தகாது. 329ஐத் தனியே படித்தால் பழி முழுவதும் கத்தி பிடித்தவன் தலையில் விழும். வாங்கித் தின்றவன் கைகழுவிவிட்டு, விற்றவனை இழிந்தவன் என்பான். 256ஐ உடன்வைத்துப் படித்தால் அவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. விற்றவன் தொழில் தாழ்ந்ததாயின், விலை கொடுத்து அவனை அத்தொழிலில் நிறுத்தியவன் உயர்ந்தவன் ஆவது எங்ஙனம்? புலாலையும் தின்றுகொண்டு, ஆடறுப்பவரையும் தோலுரிப்பவரையும் ஊர்ப்புறத்தே ஒதுக்கிவைத்த சமுதாயத்தின் மீது இக்குறள் கூறும் தீர்ப்பு இது. அறுத்தவர் வீட்டுப் பிள்ளையும் வாங்கியவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் வகுப்பில் இதனை விளக்காமல் விடுவது பெருங்குறை.

வாங்குவோர் பொறுப்பு என்னும் வினா தமிழ்நாட்டோடு நின்றதன்று. பழைய பௌத்த விதியின்படி, தனக்காகக் கொன்றதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால், பிச்சையில் வந்த ஊனைத் துறவி ஏற்கலாம். பின்வந்த மகாயான நூலாகிய இலங்காவதார சூத்திரமோ, உண்போர் இல்லையேல் கொல்வோரும் இல்லை என்று ஏறக்குறைய வள்ளுவர் வழியிலேயே வாதிட்டு ஊனை விலக்குகிறது. சீனத்துப் பௌத்தத் துறவியர் புலால் உண்ணாமை இம்மரபின் வழியே வந்தது. பிரிஞ்சாங்கில் சாம் போ கோயிலைக் காணும் தமிழ் மாணாக்கர், அண்டை வீட்டாரின் சமயத்திலும் இதே வினா எழுந்தது என்பதை அறிந்துகொள்ளலாம். தமிழிலே நீலகேசி என்னும் சமண நூல், ஊனுண்ணும் பௌத்தரோடு இதே பொருள் பற்றி வழக்காடுகிறது. அதன் உரையாசிரியர் திருக்குறளைத் தம் சமயத்தாரின் நூலாகவே எடுத்தாள்கிறார்.

கற்பிக்கும் முறைக்கு வழிகாட்டும் இலக்கியம் ஒன்று உண்டாயின் அது மணிமேகலை. அதன் ஆசிரியர் சாத்தனார் திருக்குறளை அறிந்தவர். வள்ளுவரைப் பொய்யாத புலவர் எனப் போற்றி அவர் வாக்கைத் தம் காப்பியத்தில் எடுத்தாண்டவர். அக்காப்பியத்தில், கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனுக்கு நாகர் தலைவன் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் அவற்றை மறுத்து, நாகர் மொழியிலேயே காரணம் கூறுகிறான். ‘எங்களுக்கு ஏற்ற அறம் எது?’ என்று தலைவன் கேட்கும்போது, கலம் உடைந்து வருவோரைக் கொல்லாமல் காப்பாற்றுமாறும், மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளை ஒழிய வேறெவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதிருக்குமாறும் சொல்கிறான். உயிர் நீங்கிய உடலைத் தெளிந்த காட்சியினர் உண்ணார் என்னும் 258ஆம் குறளோடு ஒப்பிட்டால் இது தளர்ந்த விதி. குறளை அறிந்த சாத்தனார் இத்தளர்ச்சியை அறியாமற் செய்தார் என்பது பொருந்தாது. கேட்பவன் எடுத்துவைக்கக்கூடிய முதலடி எதுவோ அதனையே சாதுவன் காட்டினான். அவன் நாகரை இழித்துரைக்கவில்லை. தான் உண்ணாமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. மாணாக்கர் மொழியறிந்து அவர்தம் நிலையறிந்து கற்பிப்பதற்கு இதனினும் நல்ல பாடம் ஆசிரியர்க்குக் கிடைப்பது அரிது.

வகுப்பில் எழும் மற்றொரு தடை, ‘செடிகொடிக்கும் உயிர் உண்டே’ என்பது. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் எனக் கொண்டதால் இது வீண்வாதமன்று. சீவகாருண்ய ஒழுக்கத்தில் இராமலிங்க அடிகள் இத்தடையைத் தாமே எழுப்பி விடையிறுக்கிறார். நிலைத்திணையில் உயிர்விளக்கம் ஒருசார் மட்டுமே. விதை, காய், கனி, இலை முதலியவற்றைக் கொள்வது நகத்தையும் மயிரையும் களைவது போன்றது, வேரோடு அழிப்பதன்று என்பது அவர் விடை. இது கிழங்குக்கும் கீரைக்கும் முற்றப் பொருந்துமா என்று மாணாக்கர் மேலும் கேட்கலாம். காய்கறித் தோட்டத்தில் மருந்தடித்துக் கொல்லும் புழுக்களைக் காட்டியும் கேட்கலாம். கேட்பது நன்றே. முழுவதும் இயலாது என்பது, இயன்றதையும் விடுவதற்கு நியாயமாகாது என்பதை அப்போது உணர்த்தலாம்.

அடிகளிடம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அவர் 1867இல் வடலூரில் நிறுவியது சோறிடும் தருமச்சாலை. புலால் உண்போரைத் தம் அகவினத்தாராக அவர் ஏற்கவில்லை. ஆனால் அவர்க்கும் பசி தீர்க்க வேண்டும் என்றார். 322ஆம் குறள் பகுத்துண்டு பல்லுயிரும் காப்பதைக் கொல்லாமை அதிகாரத்திற்குள் வைத்ததன் பொருள் அச்சாலையின் அடுப்பில் விளங்குகிறது. மனிதர் பசியைப் பாராமல் ஆட்டுக்கு மட்டும் இரங்குவோரும், தம் இலையின் தூய்மையைக் காட்டிப் பிறரை விலக்குவோரும் இவ்வறத்தின் பாதியையே அறிந்தவர்.

வழக்கத்திற்கும் தேர்வுக்கும் உள்ள வேற்றுமையைக் காந்தியடிகள் வாழ்க்கை எடுத்துக்காட்டும். 1888இல் இலண்டன் சென்ற அவர், தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகவே முதலில் புலால் தவிர்த்தார். இந்தியர் எல்லாரும் இறைச்சி உண்ண வேண்டும், தாமும் ஒருநாள் உண்ணலாம் என்ற விருப்பம் அப்போதும் உள்ளத்தில் இருந்தது. ஹென்றி சால்ட் என்பார் மரக்கறி உணவை ஆதரித்து எழுதிய நூலைப் படித்த பின்னரே, அதனைத் தம் சொந்தத் தெரிவாகக் கொண்டதாகச் சத்திய சோதனையில் எழுதுகிறார். அன்று மாறியது அவர் உணவன்று, அதற்கான காரணம். வாக்குக்கு அஞ்சியவர் அருளை நாடுபவரானார்.

புரட்டாசி விரதத்தையும் இக்கண் கொண்டு நோக்கினால், அது எள்ளத்தக்கதன்று. ஒரு திங்கள் புலால் இல்லாமல் உழைக்கவும் உறங்கவும் முடியும் என்பதை ஒரு குடும்பம் ஆண்டுதோறும் தனக்குத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. அது வழக்கமாய் இருக்கும்வரை ஐப்பசி பிறந்ததும் முடிந்துவிடும். ‘எதற்காக?’ என்னும் வினா அதனோடு சேர்ந்தால், அது எத்துணை நாள் நீளும் என்பதைக் குடும்பமே முடிவு செய்யும்.

ஆகவே, அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் கூறத்தக்க விடை இது: வள்ளுவர் உன்னைக் கெட்டவன் என்று சொல்லவில்லை, ஒரு கேள்வி கேட்கிறார். இதனை நீ வாங்காவிட்டால் யார் விற்பார்? விடையை இன்றே சொல்ல வேண்டியதில்லை. வீட்டாரை இகழ வேண்டியதுமில்லை. வளர்ந்து, சொந்தக் காசோடு கடைத்தெருவில் நிற்கும் நாளில் நினைத்துக்கொண்டால் போதும். துறவிக்கு என்று தள்ளியும், சாதிப்பெருமை என்று சிதைத்தும் அக்கேள்வியை அவன் காதில் விழாமற் செய்வதுதான் தமிழாசிரியர் செய்யத் தகாதது.